ஆட்சேபணைக்குக் கடைசி நாள்

“எவ்வளவு எதிர்பாக்கறீங்க அம்மணி? ஒளிவு மறைவு இல்லாம சொல்லிப்போடுங்க.”

வக்கீல் ஜெரோம் பாதி சாப்பிட்ட டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் மடித்து வைத்திருந்த செய்தித்தாளை மேசைமேல் விரித்தாள்.

சூலூரில் காலமான அழகிரிசாமியின் வீட்டை அவர் மனைவி வெங்கடம்மாளும் மகன் சசிதரும் விற்கிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று அதில் அறிவிப்பு வந்திருந்தது. வீட்டை வாங்குபவருக்காக ஜெரோம் கொடுத்த அறிவிப்பு அது. அன்று பதினைந்தாம் நாள். மறுநாள் காலை பத்திரப் பதிவு.

“பணமெல்லாம் வேண்டாங்க” என்றாள் அவள்.

“கடைசி நாள் பாத்து வர்றவங்க எல்லாரும் மொதல்ல இதையத்தான் சொல்லுவாங்க.”

கணினி முன்னால் இருந்த தேஜஸ்ரீ சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள்தான் அலுவலகத்தில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்பவள்.

“செரி, ஊட்டை விக்கக் கூடாதுங்கறீங்களா?”

“விக்கட்டுங்க. இதுல அம்மா பேரும் மகன் பேரும்தான் போட்டிருக்குது. ஒரு பொண்ணும் இருந்துதுங்களே, பிரீத்திகான்னு.”

ஜெரோம் நிமிர்ந்தார். “உங்களுக்குப் பழக்கங்களா?”

“சின்னதுல இருந்தே தெரியுங்க.”

“அப்ப விசயம் தெரியாதா? பாவம், அந்தப் புள்ளை எறந்து பதினொரு வருசமாச்சுங்க.”

அவள் செய்தித்தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஆருங்க சொன்னாங்க?”

“நான் வாய்ப்பேச்சுக்கெல்லாம் உட்ருவனா? பழைய ரேஷன் கார்டுல அந்தப் பேரு இருந்துது. இறப்புச் சான்று கேட்டேன், இல்லைன்னாங்க. அதனால பெத்த அம்மாவையே உறுதிமொழி குடுக்கச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்துல சாப்பிட்டோம்னு அந்தத் தெருவுல நாலு பேரு சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்காங்க.”

கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். ‘என் மகள் பிரீத்திகா திருமணமாகாமலேயே இறந்துவிட்டாள்’ என்று இருந்தது. கீழே அவள் இறந்த தேதி. அதற்கும் கீழே, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பிரித்து, வெங்கடம்மாளின் கையெழுத்து.

“அம்மா அவங்களாவே போட்டதுங்களா? ஆராச்சும் பக்கத்துல நின்னு போடச் சொன்னாங்களா?”

“நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டுத்தான் போட்டாங்க. கை நடுங்கல, கண்ணு கலங்கல. வருசம் ஆயிப்போச்சில்லீங்க.”

அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டாள். பிறகு கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். மேலே விமானம் ஒன்று தாழப் பறந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

“‘திருமணமாகாமலேயே’ங்கறது தப்புங்க. அதை எடுக்கோணும்.”

பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். உடுமலைப்பேட்டையில் பதிவான திருமணச் சான்று. மணமகன் கதிர், மணமகள் பிரீத்திகா. புகைப்படம் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் தலைகள் மட்டும் தெரிந்தன.

ஜெரோம் இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டார். “கலியாணம் ஆகி மூணே நாள்லயா? அடப் பாவமே.”

“இஷ்டப்பட்டுக் கட்டிக்கிட்டதுங்க. அதையப் போயி இல்லைன்னு எழுதுனா எப்படிங்க?”

“அம்மணி, இது லேசான விசயம் இல்லீங்க. கலியாணம் ஆனவள்னா, புள்ளைக இருந்தா பங்கு கேப்பாங்க. நாளைக்குக் கிரயமே நின்னுபோகும்.”

“புள்ளை இல்லீங்க.”

“அந்தக் கதிர்?”

“கீழ வண்டியோட நிக்கறாருங்க. அவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு.”

“மறுக்கா கட்டலீங்களா?”

“இல்லீங்க.”

“நீங்க அவருக்குத் தங்கச்சிங்களா?”

அவள் மேசைமேல் இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெரோம் சாப்பாட்டு டப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “செரி, ஒண்ணு பண்ணலாம். பங்குன்னு பின்னால ஆரும் வரமாட்டாங்கன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, அந்த ஒத்தைச் சொல்லை எடுத்துப்போடறேன். ஆட்சேபணை குடுத்தது ஆருன்னு பதியோணும். ஆதாரைக் குடுங்க.”

அவள் அட்டையை எடுத்து தேஜஸ்ரீயிடம் கொடுத்தாள்.

தேஜஸ்ரீ இரண்டு எழுத்துத் தட்டினாள். விரல்கள் நின்றன. அட்டையை ஒரு முறை, எதிரே இருந்த முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஜெரோமிடம் நீட்டினாள்.

பிரீத்திகா, கணவர் பெயர் கதிர் என்று இருந்தது.

ஜெரோம் எழுந்து நின்றுவிட்டார். அவர் கை மேசைமேல் தொலைபேசியைத் தேடியது. “இப்பவே உங்க அம்மாவைக் கூப்பிடறேன். பத்திரத்தையே மாத்தி எழுதோணும்.”

“வேண்டாங்க சார். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துப்போடுங்க.” அவள் அந்தத் தாளை மெல்ல அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

“அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. செத்தது அப்படியே இருக்கட்டுங்க.”