இரண்டு சூரியன் உள்ள ஊர்

“கொஞ்சம் தள்ளி உக்காரு புஷ்பா. அந்த எடம் ஒருத்தருக்கு.”

புஷ்பவல்லி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். ரயிலை விட்டு இறங்கியதும் நேராகப் போய் அவள் உட்கார்ந்த இடம் அது. ரெங்கசாமி அந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கிள்ளான் ஸ்டேஷன் கடிகாரத்தில் மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

“மாசாமாசம் போல அக்காளப் பாக்கணும்னுதான கூட வந்தே? போகலியா?”

“அப்புறம் போறேங்க.”

அவன் சுருட்டிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்தான்.

கோலாலம்பூர் ரயில்வே ஆபீஸில் தண்டவாளத்துக்குப் படம் வரைவது அவன் உத்தியோகம். வீட்டில் வரைவது வேறு. நடுவில் சூரியனைப் போட்டு, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களை, ஒளி போய்ச் சேர எத்தனை வருஷம் என்ற கணக்கோடு, ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் குறித்திருந்தான். நாலேகால் வருஷத் தூரத்தில் முதல் ஸ்டேஷன். எட்டே முக்காலில் சிரியஸ். அங்கெல்லாம் ஜனங்களைக் குடிவைத்து, ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிவந்தான்.

ஆபீஸில் அதைப் பேசினால், “சிரியஸ்ல தோசை கெடைக்குமாண்ணே?” என்று சிரித்தார்கள். வீட்டில் பேசலாமென்றால் புஷ்பவல்லிக்கு எழுத்து வாசனையே கிடையாது. பெண் பார்க்கப் போன அன்று தரகர் சொன்னது அது. ஒன்பது வருஷமாக இவனும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் பேச்சு “சோறு போடவா?”, “போடு” என்பதோடு தீர்ந்துவிடும். ஊமை கண்ட கனவு போல அத்தனை நட்சத்திரத்தையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு அவன் தனியாகத் தவித்தான்.

அப்போதுதான் ‘கிள்ளான் வாசகர்’ என்ற பெயரில் முதல் கடிதம் வந்தது. பதில் போட ஒரு ஜவுளிக்கடை முகவரி. ஒரு வருஷமாக மாதம் ஒரு கடிதம். ஒவ்வொன்றையும் ரெங்கசாமி பத்துத் தடவை படித்தான்.

ஒரு முறை படத்தில் ஏழாவதாக ஒரு நட்சத்திரத்தைக் குறித்து, தூரம் சரிப்படாமல் ரப்பரால் அழித்துவிட்டான். கதையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அடுத்த கடிதத்தில் கிள்ளான் நண்பர் கேட்டிருந்தார்: ‘ஏழாவதை ஏன் எடுத்துவிட்டீர்கள்? பாவம்.’ எழுதாததையும் படிக்கிற மனிதர் என்று ரெங்கசாமிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் பழனியப்பன் கூப்பிட்டு அனுப்பினார். “ஒங்க கதைக்கு அந்தக் கிள்ளான் ஆளத் தவிர யாரும் கடுதாசி போடல. வர்ற இதழோட முடிச்சிருங்க.”

முடிக்கத்தான் வழி தெரியவில்லை. கதையின் முதல் ஸ்டேஷனில் இரண்டு சூரியன்கள். ஒன்று மறைந்தால் மற்றது உதிக்கும். இரவே இல்லாததால் அந்த ஜனங்கள் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. தங்களைத் தவிர யாருமே இல்லை என்று நம்புகிறவர்களுக்கு, பக்கத்தில் ஆள் இருப்பது எப்படித் தெரியவரும்? இந்தக் கேள்வியை அவன் நண்பருக்கு மட்டும்தான் எழுதினான்.

‘அதை நேரில் சொல்கிறேன்’ என்று பதில் வந்தது. ‘ஞாயிறு, நாலு மணி. கிள்ளான் ஸ்டேஷன். கடிகாரத்துக்குக் கீழே உள்ள பெஞ்சில் இருப்பேன்.’

நாலரை ஆயிற்று. கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் பெஞ்சை நோக்கி விறுவிறுவென்று வந்தார். ரெங்கசாமி கை கூப்பியபடி எழுந்தே விட்டான். அவர் அண்ணாந்து மணி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“ஏங்க…” என்றாள் புஷ்பவல்லி.

“செத்த சும்மா இரு. அவர் வர்ற நேரம்.”

ஐந்து மணிக்கு அவள் மறுபடியும் வாயெடுத்தாள். அவன் திரும்பக்கூட இல்லை. பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் கூடையோடு திரும்பி, ரயிலேறிப் போனார்கள். பெஞ்சின் நடுவிடம் காலியாகவே கிடந்தது.

வெயில் இறங்கி, பிளாட்பாரம் மங்கத் தொடங்கியது. போர்ட்டர் அய்யாவு விளக்கேற்ற வந்தார்.

“அண்ணே, யாரும் வர மாட்டாங்க லா. ஆறரை ரயிலு வந்துரும், அண்ணியக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க.”

ரெங்கசாமி மடியிலிருந்த படத்தைக் கையில் எடுத்தான். யாரிடம் என்றில்லாமல் சொன்னான்: “ஒரே ஒரு ஆளு இருக்காருன்னு நெனச்சேன். எனக்குன்னு பேச அந்த ஒரு ஆளுகூட இல்ல.”

படத்தைக் கசக்கப் போனான். அவள் எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அவன் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை.

கடிகாரத்துக்கு நேர் கீழே நகர்ந்து உட்கார்ந்து, படத்தை மடியில் விரித்தாள். அவள் விரல் சூரியனிலிருந்து கோட்டின் மேலேயே போய், நாலேகால் வருஷத்தில் நின்றது.

“அந்த ரெண்டு சூரியனும் சில நாளு ஒண்ணாவே மறையும்ங்க; அந்த இருட்டுலதான், பக்கத்துல யார் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியும்.”