எண்பத்தாறு சென்டிமீட்டர்

"ரெண்டு வயசுப் புள்ள போடுற சட்ட பேபி டிரெஸ் இல்லாம, பின்ன என்ன கெழவன் போடுற கோட்டா?"

கம்பத்தில் ராஜா முகம்மதுவின் ஜவுளிக்கடையிலிருந்து வந்த சத்தம், எதிர்ச் சாரி மருந்துக் கடை வரைக்கும் கேட்டது.

"சத்தம் போட்டா சட்டம் மாறாது மொதலாளி," என்றாள் ஷர்மின்.

பஸ் ஏறினால் அஞ்சு மணி நேரத்தில் திருப்பூர். அதை விட்டுவிட்டு, பனியன் துணியில் தைத்த குழந்தைச் சட்டைகளைச் சீனாவிலிருந்து வரவழைக்கிற ஆள் ராஜா முகம்மது. தூத்துக்குடியில் ஏற்றுமதி இறக்குமதி ஆபீஸ் ஒன்றில் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஷர்மின்தான், கஸ்டம்ஸுக்குப் போகிற பேப்பரையெல்லாம் எழுதுவாள். சரக்கு துறைமுகத்தில் இறங்கிவிட்டது. ரம்ஜானுக்கு இருபது நாள்தான்.

"கஸ்டம்ஸ் வயசக் கேக்காது, உயரத்தத்தான் கேக்கும். எண்பத்தாறு சென்டிமீட்டர் வரைக்கும் வளந்த புள்ள போட்டா பேபி டிரெஸ். அதுக்கு மேல போச்சுன்னா கஸ்டம்ஸ் பட்டியல்ல வேற நம்பர், வரியும் கூட."

"லேபிளப் பாரு. இருபத்துநாலு மாசம்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கான்!"

"மாசம் போட்டவன் உயரம் போடலையே. தப்பா எழுதுனா சரக்க அங்கனயே புடிச்சு வச்சிருவாக. நீங்க ரம்ஜானுக்கு வெறும் ஹேங்கரத்தான் தொங்கவிடணும். பேப்பர்ல இருக்குறது என் கையெழுத்து."

கல்லாவில் இருந்த மகன் ரஃபி, கணக்கு பார்ப்பதுபோல் குனிந்திருந்தான். ஷர்மின் பேசும்போதெல்லாம் அவனுக்குக் கணக்கு ஓடுவதில்லை என்பது கடைக்கு வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். வாப்பாவான ராஜா முகம்மதுவுக்கு மட்டும் தெரியாது.

தலையணை உறை விலை கேட்க வந்த ஆசியாவும் கயலும், விலையை மறந்து நின்றார்கள். ஆசியாவின் இடுப்பில் ஒரு பையன். கயலின் ரெண்டு கையிலும் இரட்டைப் பிள்ளைகள். மூன்றுக்கும் ரெண்டு வயசு.

அதைப் பார்த்ததும் ராஜா முகம்மதுவுக்குத் தெம்பு வந்தது.

"இந்தா, மூணு புள்ளைக இருக்கு. சாம்பிள் சட்டயப் போட்டுப் பாரு. பொருந்துச்சுன்னா புள்ளைய அள. எண்பத்தாறத் தாண்டுனா நீ சொன்ன நம்பர். தாண்டலைன்னா?"

"தாண்டலைன்னா இன்னைக்கே வேலைய விட்டுட்டுப் போயிர்றேன்."

ரஃபியின் பேனா கீழே விழுந்தது.

சட்டை மூன்று பிள்ளைகளுக்கும் தைத்து வைத்ததுபோல் பொருந்தியது. ராஜா முகம்மதுவுக்கு வாயெல்லாம் பல். "ஏலே ரஃபி, டெய்லர் கடையில போயி ஒரு டேப்பு வாங்கிட்டு வா."

"எதுக்கு பாய் டேப்பு? மீட்டர் கோலுதான் மேசையில கெடக்குல்ல?" என்றாள் கயல்.

"அது துணி அளக்குறது ஆத்தா. அதுல புள்ளைய அளந்தா வளர்த்தி நின்னுரும்."

ஆசியா சிரித்துவிட்டாள். "சீனாவுல இருந்து சரக்கு எறக்குற ஆளு பேசுற பேச்சா இது? டெய்லர் டேப்பு இழுத்தா நீளும் அண்ணே. இரும்பு என்ன நீளவா போகுது? அள ஷர்மினு."

ராஜா முகம்மது மேசைப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். அதற்குள் ஷர்மின் கோலை எடுத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டாள்.

ஆசியாவின் பையன் எண்பத்தெட்டு. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று எண்பத்தேழு, இன்னொன்று எண்பத்தொன்பது.

"எம் புள்ளதான் ஒசரம்!" என்றாள் கயல்.

"ஒம் புள்ளைகள்ல ஒண்ணுதான்டி ஒசரம். இன்னொண்ணு எம் மவனுக்கும் கீழ," என்றாள் ஆசியா.

ராஜா முகம்மது நெற்றியைத் துண்டால் துடைத்தார்.

"வாப்பா, எதுக்கும் ஒரு டேப்பு வாங்கியாந்து இன்னொரு தடவ அளந்துருவோமா?" என்று ரஃபி மெல்லக் கேட்டான். ஷர்மின் ஜெயித்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் போகிறது சொந்தக் காசு அல்லவா?

"நல்லா அளங்க," என்றாள் ஷர்மினும். "கொறஞ்சா நான் போயிர்றேன். சொன்னா சொன்னதுதான்."

"வேணாம்!" என்று கத்தினார் ராஜா முகம்மது. பிள்ளைகள் மூன்றும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நம்ம கோல நாமளே நம்பலைன்னா எப்படி? பெரிய வரியவே போடு. எழுது."

அன்று சாயங்காலம் தெருவெல்லாம் இதே பேச்சு. சட்டம் என்றதும் பாய் எப்படிக் கட்டுப்பட்டார் பார்த்தீர்களா, இந்தக் காலத்தில் யார் இப்படி விட்டுக்கொடுப்பார்கள் என்று ஆசியாவே நாலு வீட்டில் சொன்னாள்.

சரக்கு ரம்ஜானுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. பெருநாள் கழிந்த மாசம் ரஃபிக்கும் ஷர்மினுக்கும் நிக்காஹ் முடிந்து, ரெண்டு பேரும் தூத்துக்குடியில் சொந்தமாக ஆபீஸ் போட்டுப் போய்விட்டார்கள். ராஜா முகம்மதுவோ அதற்கு முன்பே கடையைக் காலிசெய்துகொண்டு குமுளிக்குப் போயிருந்தார். மகனைப் பிரியப்போகிற ஏக்கத்தில் போனார் என்று அவருடைய சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மகன் போனது தெற்கே, இவர் ஏறியது மலை.

தெருவில் சொல்வது வேறு. கோல் பிடித்து அளந்த அதே வாரம், அங்கன்வாடி டீச்சர் சங்கிலியம்மாள் மாசாமாசம் எடுக்கிற உயரக் கணக்கைச் சர்க்கார் அளவுப் பலகையில் எடுத்தபோது, ராஜா முகம்மது கடையில் மீட்டர் போட்டுத் துணி எடுத்த வீடுகளின் அதே மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தார்கள்.