முந்திவிடுவான்

“அந்த மாலை உங்க கழுத்துல விழுந்திருக்க வேண்டியதுங்கப்பா,” என்றாள் கௌசிகா.

அப்பா சிவப்பிரகாஷ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எருத்தேன்பதி பஞ்சாயத்து ஹால் மேடையில் பூபதிராஜாவுக்கு இன்னொரு மாலை விழுந்தது.

தென்னை ஓலையைக் கருக்கும் வெள்ளை ஈயைக் கொல்ல, ஒரு பூஞ்சையை வெயிலுக்குப் பழக்கியதற்காக விருது. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே கல்லூரி. விஞ்ஞானியாகி வேறு வேறு ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போனவர்கள். அந்த யோசனை முதலில் சிவப்பிரகாஷுக்குத்தான் வந்தது. அதை அவர் வீட்டில் சொல்லாத நாளில்லை.

பக்கத்து நாற்காலிக் காளிச்சாமி குனிந்து, “ஏனுங்க, நீங்களும் அதே படிப்புத்தானுங்களே, உங்களுக்கு எப்ப மாலை?” என்று கேட்டுவிட்டு மிக்சரைத் தொடர்ந்தார்.

கௌசிகாவுக்குப் பொறுக்கவில்லை. கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தாள். சிவப்பிரகாஷ் தடுக்கவில்லை.

“இத்தனை போட்டி இருக்கிற ஆராய்ச்சிக்கு உங்களைத் தூண்டினது எதுங்க? சொந்த யோசனைதானுங்களா?”

விவசாயிகளின் கண்ணீர் அது இது என்று அளப்பான் எனச் சிவப்பிரகாஷ் காத்திருந்தார்.

“யோசனை உங்கப்பாவோடது கண்ணு,” என்றார் பூபதிராஜா. “கட்டுரையிலயே அதை எழுதியிருக்கேன். என்னைத் தூண்டினது பொறாமை.”

ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

லேப்பில் செழிப்பாக வளர்ந்த பூஞ்சை, தோப்பில் தெளித்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்து செத்ததைச் சொன்னார். கோடைக்குக் கோடை செத்ததாம். இத்தோடு விட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு வருவாராம்.

“இங்க சிவாவைப் பார்ப்பேன். உன்னுது எந்த மட்டுக்கும் வந்திருக்குன்னு கேட்பேன். முடியப்போகுதும்பான். அப்புறம் எனக்குச் சோறு இறங்காது. விருந்துக்குக்கூட நிக்காம பஸ் ஏறிருவேன். இவன் முந்திருவாங்கற வயித்தெரிச்சல்தான் கண்ணு, என்னை இத்தனை வருஷம் ஓட்டுச்சு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கௌசிகா பூரித்த முகத்தோடு அப்பா பக்கம் திரும்பினாள்.

“அவ்வளவு கிட்டத்துல போயிட்டு எப்படிங்கப்பா விட்டீங்க?”

சிவப்பிரகாஷ் காதில் விழாதவர்போல இன்னும் பலமாகக் கைதட்டினார். முதல் கோடையில் தன் பூஞ்சை செத்ததுமே லேப் சாவியை ஒப்படைத்துவிட்டு, நிர்வாகப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டவர் அவர்.