காந்தாவுக்கு மயக்கம்

காந்தா இன்றைக்கும் மயங்கி விழுந்துவிட்டாள்.

இடுப்பளவு ஏரித் தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள், "தலை சுத்துது ஜமுனா" என்றாள். அப்படியே ஜமுனாவின் தோளில் சாய்ந்தாள்.

ஜமுனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறால் போடும் ஓலைப் பறி பாதிகூட நிரம்பவில்லை.

கோட்டைக்குப்பத்துப் பெண்கள் கூட்டமாகத்தான் பழவேற்காட்டு உப்பேரியில் இறங்குவார்கள். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். அது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. சித்திரை பிறந்ததிலிருந்து, வெயில் ஏறியதும் காந்தா விழுவாள். ஜமுனா அவளைத் தாங்கிக்கொண்டு நடப்பாள். மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

"ஏண்டி, விழறதுக்கு என் தோளுதான் கெடச்சுதா?"

"உன் தோளுதான்டி கெட்டி" என்பாள் காந்தா, கண்ணைத் திறக்காமலே.

முன்பெல்லாம் வெயில் சுடுவதற்குள் பறி நிரம்பிவிடும். இப்போது கோடைக்குக் கோடை ஏரி அதிகமாகச் சுடுகிறது. இறாலோ குறைந்துகொண்டே போகிறது. கடலும் சரியில்லை. காற்று, புயல் என்று அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. ஜமுனாவின் கணவன் சிவகுமார் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் உலை கொதிப்பது ஜமுனாவின் பறியால்தான். உச்சி வெயில்வரை நின்றால் ஏதாவது தேறும். காந்தா விட்டால்தானே?

மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போனதிலிருந்து காந்தாவுக்கு உடம்பு வணங்கவில்லை என்று ஜமுனா வீட்டில் புலம்பினாள். மற்ற பெண்கள் ஒருத்தியும் காந்தாவைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று தெரிந்துவிடட்டும் என்று காந்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் ஜமுனா.

டாக்டர் பவித்ரா காந்தாவை நன்றாகப் பரிசோதித்தார். ரத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை, கல்லுமாதிரி இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

"அப்போ இத்தினி நாளும் நடிச்சியா?" என்று திரும்பினாள் ஜமுனா. காந்தா மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் கண் ஜமுனாவின் காலுக்குப் போனது. ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டார். உப்புத் தண்ணீரில் நிற்பதால் இருக்கும் என்று மழுப்பிவிட்டுக் கிளம்பப் பார்த்தவளை, காந்தா தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

ஜமுனாவின் ரத்தமும் சிறுநீரும் பார்த்த முடிவு வந்ததும் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏரியில் ஒதுங்க இடமில்லை என்று ஜமுனா காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மேலே வெயில், கீழே சூடான தண்ணீர். சிறுநீரகம் களைத்துப் போயிருந்தது. மருந்தும் தண்ணீரும் நிழலும் இருந்தால் சரியாகிவிடும் என்றார்.

"மத்தியானம்வரைக்கும் வெயில்ல நின்னிருந்தா சிறுநீரகம் கெட்டே போயிருக்கும். நல்லவேளை, வெயில் ஏறினதும் கரைக்கு வந்துடறீங்க. அது யார் சொன்ன யோசனை?"

ஜமுனா காந்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே பூவரச மரத்தடிக்கு வந்ததும் காந்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"பங்குனிலயே தெரியும். நின்னுக்கினே கண்ணு சொருகிச்சு உனக்கு. கரைக்கு வாடின்னு எத்தினி தபா கூப்ட்டேன், வந்தியா? உனக்கு முடியலன்னா நீ அசைய மாட்டே. எனக்கு முடியலன்னா தூக்கினு ஓடுவே. அதான் விழுந்தேன்."

"உன் பறியும்தானேடி காலியா போச்சு?"

காந்தா சிரித்தாள். "போடி, போய் மொதல்ல தண்ணி குடி."

ஜமுனாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் முகாமுக்காக வைத்திருந்த தண்ணீர்க் குடத்தருகே போனாள். சொம்பு நிறையக் குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டாள்.

அப்போது அவர்களோடு ஏரியில் இறங்கும் லட்சுமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மரத்துக்குப் பின்னால் இருந்த ஜமுனாவை அவள் பார்க்கவில்லை. காந்தாவின் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கு நீ விழாதே காந்தா, ஜமுனாவுக்கு சந்தேகம் வந்துடுச்சு. இனிமே ஆளுக்கொரு நாளா விழறதுனு நாங்க எல்லாரும் பேசி முடிச்சிட்டோம்."