மாப்பிள்ளை பார்க்க ஒரு நெஞ்சுநோ

"டொக்ரராம்! எங்கடை தமிழ்ப் பெடியன், இந்தப் பலேர்மோவிலை, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலை டொக்ரராம்! நீ நம்புறியே?" என்று தவராசா மனைவியைக் கேட்டார்.

"சோதிலிங்கம் அண்ணை சொல்லுறாரெல்லே," என்றாள் நாகபூசணி. "பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் தனிய உழைச்சுப் படிப்பிச்சதாம்."

"தாயைப் பற்றிப் பிறகு பாப்பம். சோதிலிங்கம் தரகர், படம் காட்டுவார். வெள்ளைக் கோட்டுப் போட்டவனெல்லாம் டொக்ரரே? அங்கை நிலம் துடைக்கிறவனாயிருந்தால்? எங்கடை பிரசாந்தினியைக் குடுத்துப்போட்டு நிண்டு முழுசுறதே?"

தவராசாவுக்குப் பொய் பிடிக்காது. அதாவது, மற்றவர்கள் சொல்லும் பொய்.

புதன்கிழமை காலை. வழக்கம்போலக் கழுத்தில் ரை கட்டி, இத்தாலியப் பேப்பர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். அந்தப் பேப்பரை அவர் வாசிப்பதில்லை. வழியில் தமிழர் யாராவது தென்பட்டால், அது விரிந்து அவர் முகத்தை மூடிக்கொள்ளும்.

வேலைக்கு வர முடியாதென்று ரெலிபோனில் சொல்லியாயிற்று. "இந்த மாதம் இது மூன்றாவது வருத்தம். டொக்ரரின் துண்டோடு வா, இல்லாவிட்டால் இனி வரவே வேண்டாம்" என்று அங்கிருந்து பதில் வந்தது.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சைப் பொத்திக்கொண்டு வாங்கில் சாய்ந்தார்.

நெஞ்சுநோவுக்கு அங்கே அவ்வளவு மரியாதை இருக்குமென்று அவர் நினைக்கவில்லை. அடுத்த நிமிடம் கட்டிலில் கிடந்தார். இரத்தம் எடுத்தார்கள். சேர்ட்டைக் கழற்றி வயர்களைப் பொருத்தினார்கள். வெறும் நெஞ்சில் ரை மட்டும் தொங்கியது.

தமிழ் டொக்ரர் வந்தான். கட்டிலில் மாட்டியிருந்த தாளில் பெயரைப் பார்த்தான்.

"வணக்கம் ஐயா. நான் கஜானன். எங்கை நோகுது?"

"அது கிடக்கட்டும். தம்பி எங்கை படிச்சது?"

"இஞ்சைதான், பலேர்மோ யூனிவேர்சிற்றி. மூச்சை இழுத்து விடுங்கோ."

இழுத்தார். விட்டார். "எத்தினை வருசம்?"

"ஆறு. தொண்ணூற்றைஞ்சிலை பட்டம். பிறகு அரசாங்கச் சோதினை பாஸ் பண்ணி, டொக்ரர்மாரின்ரை பதிவிலை பேர் விழுந்தது."

"பதிவு இலக்கம் இருக்கோ?"

கஜானன் பையிலிருந்து முத்திரையை எடுத்து, ஒரு தாளில் குத்திக் கொடுத்தான். தவராசா படுத்தபடியே கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். விசா புதுப்பிக்கப் போகிற குவெஸ்தூராவில்கூட அவருடைய கடதாசிகளை ஒருவரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"வேலை நிரந்தரமோ, ஒப்பந்தமோ?"

"இப்ப ஒப்பந்தம். ஐயா, கதைக்காதேங்கோ, கோடு ஆடுது."

"இரவு வேலையும் இருக்கோ?"

"மாதத்திலை ஆறு. ஐயா!"

மெசினிலிருந்து நீளமாகத் தாள் வந்தது. கஜானன் அதை இரண்டு தரம் பார்த்தான்.

"நெஞ்சு மணிக்கூடு மாதிரி ஓடுது. ஒரு வருத்தமும் இல்லை. நோ இப்ப எப்பிடி?"

"நிண்டிட்டுது," என்றார் தவராசா, மனம் குளிர்ந்து. பெடியன் நிலம் துடைக்கிறவன் இல்லை. அசல் டொக்ரர். "வேலையிடத்துக்கு ஒரு துண்டு வேணும் தம்பி. கடும் நெஞ்சுநோ எண்டு போட்டால் நல்லது."

"இல்லாத வருத்தத்தை எழுத ஏலாது ஐயா. எட்டிலையிருந்து பத்தரை மட்டும் இஞ்சை பரிசோதினையிலை இருந்தவர் எண்டு எழுதலாம். அது உண்மை."

பொய்யும் எழுத மாட்டான்! தவராசாவின் மனதில் கலியாண மேளமே கேட்டது.

கஜானன் எழுதிக்கொண்டே, சிரிக்காமல் கேட்டான்: "ஆருக்கு எண்டு போட? நீங்கள் துறைமுகத்திலை கப்பல் கொம்பனி அதிகாரி எண்டு சோதிலிங்கம் அங்கிள் சொன்னவர். கொம்பனிக்கு என்ன பேர்?"

மேளம் நின்றது. அப்படியானால் இவனுக்கு அவர் யாரென்று முதலே தெரியும்! அப்போதுதான் தவராசாவுக்கு உண்மையாகவே நெஞ்சு அடித்தது.

துறைமுகத்தில் அவருக்குத் தெரிந்தது நேப்பிள்ஸ் கப்பல் ஊதும் சத்தம் மட்டும்தான். சிஞ்ஞோறா கார்மேலா என்ற இத்தாலியப் பெண்மணியின் நாலாம் மாடிச் சமையலறையில் நின்றால் அது நன்றாகக் கேட்கும். அங்கேதான் ரையைக் கழற்றி, ஏப்ரனைக் கட்டி, பன்னிரண்டு வருடமாக அவர் நிலம் துடைக்கிறார்.

சிஞ்ஞோறாவின் பெயரைச் சொன்னால் சம்பந்தம் போகும். கப்பல் கொம்பனி என்று எழுதினால் வேலை போகும்.

மெல்ல எழும்பிச் சேர்ட்டைத் தேடினார்.

"துண்டு வேண்டாம் தம்பி."

"வேலை போயிடாதோ?"

"போனால் போகட்டும். பிள்ளையின்ரை காரியம் பெரிசு."

கஜானன் மிச்சத்தையும் எழுதி, முத்திரையைக் குத்தி, புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து நீட்டினான்.

தவராசா வாசித்தார். சிஞ்ஞோறா கார்மேலாவின் பெயர். தெரு. கதவிலக்கம். நாலாம் மாடி. ஒன்றும் பிழையில்லை.

"தம்பி... இது... உமக்கெப்பிடி...?"

"அந்தக் கட்டிடத்திலை படி கழுவுறது என்ரை அம்மாதான், மாமா. நீங்கள் பேப்பராலை முகத்தை மூடிக்கொண்டு ஏறேக்கை வழுக்கி விழுந்திடக் கூடாதெண்டு, ஒவ்வொரு நாளும் சுவரோரமா ஒரு அடி நனையாமல் விட்டுத்தான் கழுவுறவா."