எடுத்துக்கட்டுமா

சீட்டு இல்லாமல் ஒரு தலைவலி மாத்திரைகூடத் தராத மருந்துக்கடைக்காரர், ஆன்லைன் விளையாட்டிலும் அதே கறார்தான். ஞாயிறு மதியம் நடக்கும் சிறப்பு ஆட்டத்தில் ராட்சதப் பல்லியை வீழ்த்தினால் ஆளுக்கொரு பெட்டி விழும். எந்தப் பெட்டியையும் யாரும் திறந்துவிடலாம். அதனால் அவர் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் "எடுத்துக்கோ" என்ற பிறகே கை வைக்க வேண்டும். எடுத்ததும் தேங்க்ஸ் சொல்ல வேண்டும்.

அணியில் மூன்றே பேர். அவர், வேறு ஊரிலிருந்து ஆடும் அவருடைய அக்கா, அவரோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடும் மச்சினன்.

அன்று பல்லி சாய்ந்தபோது நான்கு பெட்டிகள் கிடந்தன.

"அந்த நாலாவது நம்மளுது இல்ல. தொடாத," என்றார் அவர்.

"ஆளே இல்லாத பெட்டி மாமா. யாரப் போய்க் கேக்குறது?" என்றபடி மச்சினன் அதைத் திறந்து, உள்ளே இருந்ததை வழித்தெடுத்துக்கொண்டான்.

அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். "சரி விடுடா, விளையாட்டுதானே," என்றாள் அக்கா.

அவரவர் பெட்டிக்குத் திரும்பியபோது ஹெட்போனில் ஒரு தணிந்த குரல் கேட்டது.

"எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ," என்றாள் அக்கா.

"எடுத்துக்கோ," என்றார் அவரும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லாம் பழக்கதோஷம்.

சற்றுப் பொறுத்து அக்கா கேட்டாள். "டேய், இப்பக் கேட்டது யாருடா? உன் மச்சினன் குரல் மாதிரி இல்லையே."

அவர் பக்கத்தில் திரும்பினார். மச்சினனின் ஹெட்போன் மட்டும் கிடந்தது. அவன் உட்கார்ந்து அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றது அந்தக் குரல், மரியாதையாக.