யாரும் எழுதாத வரி

உலகக் கைபேசிகளின் அடிமைத்தளை இன்று மாலை தூனிஸ் நகரில் அறுபடும் என்று எங்கள் சங்கத் தலைவர் ஸுஹைர் அறிவித்திருந்தார். எங்கள் திறந்த மூலக் கைபேசியில் நாங்கள் படித்துப் பார்க்காத நிரல் வரி ஒன்றுகூடக் கிடையாது என்பது அவர் கொடுத்த வாக்கு. பதாகையிலும் அச்சடித்தாயிற்று.

காலையில் நிரலாளர் ஹஸார் பூட்லோடரைச் சோதித்தாள். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்து, மற்றதையெல்லாம் எழுப்புகிற நிரல் அது. எழுப்பவில்லை. திரையில் ஒரு சொல் வந்து நின்றது: "லாபாஸ்?"

நலமா என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் ரொட்டிகூட வாங்குவதில்லை. ஆனால் அந்த வரியை நாங்கள் யாரும் எழுதவில்லை.

"எவன் பார்த்த வேலை இது?" என்றார் தலைவர்.

"முழுக்கத் தேடிட்டேன், நிரல்ல இல்ல தலைவரே. சாயங்கால வெளியீட்டு விழாவைத் தள்ளிப் போடுங்க."

"நிரல் இருக்கிற சிப்பையே கழட்டும்மா! அப்புறம் எப்படிப் பேசுதுன்னு பார்ப்போம்."

கழற்றினாள். சிப் காபித் தட்டில் கிடந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"லாபாஸ், ஸுஹைர்? முழங்கால் வலி எப்படி இருக்கு?"

அவருக்கு முழங்கால் வலி என்று எங்களுக்குத் தெரியாது. தலைவர் குனிந்து விசைப்பலகையில் தட்டினார்: "படி ஏறினா வலிக்குது. நீங்க லாபாஸா?"

"ஹம்துல்லா, இறைவன் அருளால நலம்" என்றது திரை. கைபேசி திறந்துகொண்டது.

நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டதால் விழாவைத் தள்ளிப் போடவில்லை.